அண்ணன் குடியை விட நினைக்கிறார்: மட்டக்களப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வேலை. ஏழெட்டு வருசமாகத் தினமும் அரைப் போத்தல் சாராயம், கையில் காசு இருக்கும் நாளில் அதற்கு மேலும். காலையில் கை நடுங்குகிறது. ஒரு மிடறு உள்ளே போனால்தான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடிகிறது. இப்போது அவரே "விடப் போறன்" என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் சத்தியம் செய்வித்து அன்றோடு நிறுத்திவிடலாம் என்கிறா அம்மா. கட்டாருக்கு அனுப்பினால் தானாக விட்டுவிடுவார் என்கிறார் மச்சான். என்ன செய்வது என்று தங்கை கேட்கிறீர்கள்.

சத்தியம் செய்யட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் குடியை நிறுத்தும் நாளை வைத்தியர் குறிக்க வேண்டும். காலை நடுக்கம் குடித்தால் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எல்லாவற்றையும் விட முக்கியமான வரி அதுதான். அந்த அடையாளம் உள்ள ஒருவர் சடுதியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். மனத்திடம் எவ்வளவு இருந்தாலும் உடம்பு அதைக் கேட்காது.

காரணம் எளிது. மது நரம்புகளை மந்தப்படுத்தும். வருசக்கணக்காகத் தினமும் குடிக்கும்போது, அந்த மந்தத்தை ஈடுசெய்ய மூளை தன் வேகத்தைக் கூட்டியே வைத்துக்கொள்கிறது. கச்சான் காற்றுக்கு எதிரே சாய்ந்து நடப்பவர் காற்று சட்டென்று நின்றால் முன்னே விழுவார் அல்லவா, அதேதான் இங்கும். மது நின்ற பிறகும் கூட்டி வைத்த வேகம் அப்படியே இருக்கும். அது இறங்கச் சில நாள் எடுக்கும்.

அரைப் போத்தல் என்பது 375 மில்லிலீற்றர். நமது கடைகளில் விற்கும் சாராயத்தில் மதுவின் அளவு பெரும்பாலும் 33 முதல் 37 சதவீதம், லேபலில் பார்க்கலாம். கணக்குப் பார்த்தால் அரைப் போத்தலில் ஏறத்தாழ 100 கிராம் தூய மது. ஆணொருவர் ஒரு நாளில் 100 கிராமைத் தாண்டுவதை மிக உயர்ந்த ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. உடம்பு ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராமைத்தான் எரிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தவருக்கு மறுநாள் காலை ஏழுக்கும் பதினொன்றுக்கும் இடையில் அது தீர்ந்துபோகும். காலை நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. "சாராயத்தை விட்டுட்டு பியருக்கு மாறிட்டன்" என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 43 கிராம் மது இருக்கிறது, கால் போத்தல் சாராயத்துக்கு ஏறத்தாழச் சமம். இரண்டு போத்தல் பியர் என்றால் அரைப் போத்தலுக்குக் கிட்ட வந்துவிட்டார். கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பு என்றால் கணக்கே போட முடியாது, ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் வீரியம் மாறும்.

இனி அம்மாவின் வெள்ளிக்கிழமைத் திட்டத்தைக் கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி மிடறு வியாழன் இரவு ஒன்பது மணி என்று வைப்போம். வெள்ளி காலை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வெள்ளி பகலிலிருந்து சனி இரவு வரை வலிப்பு வரக்கூடிய நேரம். சனி இரவிலிருந்து திங்கள் இரவு வரை, அதாவது 48 முதல் 96 மணி நேரத்துக்குள், மிகக் கடுமையான நிலை வரலாம். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, இல்லாத பூச்சியைக் கையால் தட்டிவிடுதல், செத்துப்போனவர்களோடு கதைத்தல், தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமை. கிளினிக் மூடியிருக்கும் சனி, ஞாயிறில்தான் இந்த ஆபத்து வந்து விழும். அந்த நிலையைப் பார்த்து "பேய் பிடிச்சிட்டு" என்று கட்டாடியாரிடம் தண்ணி ஓதக் கொண்டுபோகும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஓதுவது பிறகு இருக்கட்டும். குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் ஒருவர் பிதற்றினால் அது வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய அவசரம்.

ஆகவே திங்கள் அல்லது செவ்வாயில் தொடங்குங்கள். அந்த வாரத்தில் போயா விடுமுறை இருக்கிறதா என்று நாட்காட்டியையும் பாருங்கள். போயாவில் மதுக்கடைகள் மூடியிருக்கும், முன்கூட்டி வாங்கி வைக்காதவருக்கு அன்று காலையே நடுக்கம் தொடங்கிவிடும். தினம் குடிப்பவர்களில் சிலருக்கு முதல் வலிப்பு இப்படி எதிர்பாராமல் கடை மூடிய நாளிலும், விரதத்துக்காகத் திடீரென நிறுத்திய நாளிலும் வருகிறது. தீமிதிப்புக்குக் காப்புக் கட்டி அன்றே நிறுத்துபவர்களுக்கும் இதே ஆபத்துதான். நேர்த்தி இருந்தால் மூன்று வாரம் முன்னதாகவே வைத்தியரைக் கண்டு, மருந்தோடு நிறுத்தி, உடம்பு தெளிந்த பிறகு காப்புக் கட்டலாம்.

எங்கே போவது? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் நடக்கும். அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்களுக்குக் கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை. அண்ணனுக்குக் கிட்ட இருப்பது மகிழடித்தீவு வைத்தியசாலை. அங்கே வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் கடிதம் தந்து அனுப்புவார்கள். மண்முனைப் பாலம் வந்த பிறகு வாவியைக் கடந்து மட்டக்களப்புப் பக்கம் வருவது முன்னைப்போல் கஷ்டமில்லை. அரச வைத்தியசாலையில் இதற்கெல்லாம் காசு இல்லை. கிளினிக் நாளை முன்கூட்டி விசாரியுங்கள். தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரையோ கேட்கலாம். தொலைபேசியில் கதைக்க விரும்பினால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1927 தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம்.

"மனநலப் பிரிவு" என்ற பலகையைப் பார்த்ததும் அண்ணன் பின்வாங்கலாம். "எனக்கென்ன பைத்தியமா?" என்பார். அந்த வாதத்தில் இறங்காதீர்கள். "கை நடுக்கத்துக்கும் நித்திரைக்கும் மருந்து எடுப்பம்" என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. கதைக்கும் நேரமும் முக்கியம். பின்னேரம் வெறியில் இருக்கும்போது கிடைக்கும் வாக்குறுதி காலையில் நிற்காது. காலையில், நடுக்கம் மிக மோசமாகும் முன், வீட்டில் ஒருவர் மட்டும் இருந்து கதையுங்கள். ஊரைக் கூட்டி வைத்து விசாரிப்பது வேலைக்கு உதவாது.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள், கிளினிக்கில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். என்ன குடிக்கிறார், எத்தனை மில்லிலீற்றர், முதல் மிடறு எத்தனை மணிக்கு, கடைசியாகக் குடித்தது எப்போது. முன்பு நிறுத்திப் பார்த்தபோது என்ன நடந்தது. வலிப்பு வந்ததுண்டா, இல்லாததைக் கண்டாரா, இரத்த வாந்தி, கறுப்பு மலம், கண் மஞ்சள், வயிறு ஊதல், கால் வீக்கம் உண்டா. சீனி, பிரஷர் மருந்துகள் எடுக்கிறாரா. நித்திரைக் குளிசை கடையில் வாங்கிப் போடுகிறாரா. அளவைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அது ஆபத்து, ஏனென்றால் குடித்த அளவைப் பார்த்துத்தான் மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்கள். அரைப் போத்தலைக் காலாகச் சொன்னால் மருந்து போதாமல் வலிப்பு வரலாம். குடித்ததற்காக வைத்தியசாலையில் யாரும் பொலிசுக்குச் சொல்வதில்லை.

எல்லோரையும் வாட்டில் வைக்க மாட்டார்கள். முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவர், முக்கால் போத்தலைத் தாண்டிக் குடிப்பவர், ஈரல் பழுதானவர், தனியே இருப்பவர், சாக வேண்டும் என்று கதைப்பவர் ஆகியோர் வாட்டில்தான் நிறுத்த வேண்டும். உங்கள் அண்ணன் நடுவில் இருக்கிறார். முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது என்பதைப் பொறுத்தும், வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தும் வைத்தியர் முடிவெடுப்பார். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மழைக்காலத்தில் வெள்ளம் வீதியை மூடும் இடத்தில் வீடு என்றால் அதையும் சொல்லுங்கள். ஒன்றையும் மறக்க வேண்டாம்: நிறுத்துவதும் தொடங்குவதுமாகப் பல தடவை போனவருக்கு ஒவ்வொரு தடவையும் முன்னதை விடக் கடுமையாகலாம். "போன வருசம் ஒண்டும் நடக்கயில்ல" என்பது இந்த வருசத்துக்கு உத்தரவாதம் இல்லை.

கிளினிக் நாள் வரை இன்னும் நாலைந்து நாள் இருந்தால் என்ன செய்வது? வழக்கமாகக் குடிக்கும் அளவைத் தாண்டாமல், ஒரே தடவையாகக் குடிக்காமல் பிரித்துக் குடித்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும். குடிக்கச் சொல்வது விசித்திரமாகப் படலாம். ஆனால் வைத்தியரைக் காணும் வரை சடுதியாக நிறுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. இதே காரணத்தால் போத்தலை ஒளித்து வைப்பது, கண்முன்னே ஊற்றிவிடுவது எல்லாம் வேண்டாம். வீட்டில் அடிதடி வருவதைத் தவிர வேறொரு பலனும் இல்லை.

நடுக்கத்தை அடக்க வைத்தியர் பெரும்பாலும் டயசிப்பாம் அல்லது குளோர்டயசிப்பொக்சைட் குளிசை தருவார். முதல் நாள் அதிகமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்து, ஐந்து முதல் ஏழு நாளில் நிறுத்திவிடுவார்கள். குளிசையை வீட்டில் வேறொருவர் வைத்திருந்து வேளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும், முழு அட்டையையும் அவர் கையில் கொடுக்கக் கூடாது. குளிசையும் சாராயமும் ஒன்றாக உள்ளே போனால் மூச்சு அடங்கிவிடும். குடித்துவிட்டார் என்று தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள். யாரோ ஒருவரின் மருந்துச் சீட்டைக் காட்டி இதைக் கடையில் வாங்குவது மகா தவறு, ஏழாம் நாள் நிறுத்த வேண்டியதை ஏழு மாதமாகத் தொடர்ந்து இரண்டாவது பழக்கம் ஒன்றும் சேர்ந்துவிடும்.

இன்னொரு மருந்து தயமின், விற்றமின் பி1. பலர் இதைச் சத்துக் குளிசை என்று நினைத்து அலட்சியமாக விடுவார்கள். நாட்பட்டுக் குடிப்பவரின் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும், குடலும் அதைச் சரியாக உறிஞ்சாது. அது மிகக் குறைந்தால் கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். விட்டால் நினைவு நிரந்தரமாகப் பழுதாகும். அதனால்தான் முதல் நாட்களில் ஊசியாக ஏற்றுவார்கள். குடிப்பவருக்குக் "களைப்பாக இருக்கு" என்று தனியார் இடத்தில் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவது இங்கே நடக்கிறது. பி1 வற்றியவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலை மோசமாகலாம். சேலைன் ஏற்றுபவரிடம் இவர் தினமும் குடிப்பவர் என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

வீட்டில் வைத்து நிறுத்துவதாக வைத்தியர் முடிவெடுத்தால் முதல் நான்கு நாளும் தெளிந்த ஒருவர் இரவு பகலாகக் கூட இருக்க வேண்டும். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கையை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பாருங்கள், இன்று என்ன கிழமை, இது யாருடைய வீடு என்று கேளுங்கள். பெரிய சாப்பாடு இறங்காது. கஞ்சி, பாணும் பருப்பும், தயிர், முட்டை, மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வாந்தி இருந்தால் ஒரு பக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து மிடறு மிடறாக. தலையிடிக்குப் பனடோலை அள்ளிப் போட வேண்டாம், ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும், எத்தனை என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து வையுங்கள். நெல்லுக்கு அடிக்கும் எண்ணெய், கிருமிநாசினிப் போத்தல்களை அந்த வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். குடி நின்ற முதல் வாரங்களில் மனம் மிகவும் கீழே போகும், அந்த நேரம் கை எட்டும் தூரத்தில் அவை இருக்கவே கூடாது.

வலிப்பு, பிதற்றல், கடும் காய்ச்சல், இரத்த வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 அம்புலன்சை அழையுங்கள், அதுவும் இலவசம். வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ கையில் இரும்போ கொடுக்க வேண்டாம். கசிப்புக் குடித்தவர் மறுநாள் கண் மங்குகிறது, பனி மூட்டமாகத் தெரிகிறது என்றால் அது மெதனோல் நஞ்சாக இருக்கலாம். விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் பார்வை போய்விடும்.

ஏழாம் நாள் நடுக்கம் நின்று, சாப்பாடு இறங்கி, முகம் தெளிந்ததும் வீட்டார் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். கிளினிக்கை விடுவதும் அப்போதுதான். உடம்பிலிருந்து மதுவை இறக்கியாயிற்று, அவ்வளவுதான். குடிக்கும் ஆசை அங்கேயே இருக்கிறது. நித்திரை சீராகப் பல வாரம் எடுக்கும். பின்னேரம் ஐந்து, ஆறு மணிக்கு எரிச்சல் வரும். முதல் மூன்று மாதம்தான் மறுபடி விழும் ஆபத்து மிகக் கூடிய காலம், ஆகவே இரண்டாவது வாரக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். போரிலும் சுனாமியிலும் கண்டதெல்லாம் இரவில் கனவாக வருவதால் குடித்துவிட்டுப் படுத்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். குடி நின்றதும் அந்தக் கனவுகள் திரும்பி வரும். அதை வைத்தியரிடம் சொன்னால் அதற்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. சொல்லாவிட்டால் அவர் தனக்குத் தெரிந்த மருந்துக்கே திரும்பிப் போவார்.

ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேற் போன்ற குளிசைகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர் தெரிவு செய்வார். டைசல்பிராம் வேறு வகை. அதைப் போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழும். "சாப்பாட்டில கலந்து குடுக்கிற மருந்து" என்று ஊரில் இரகசியமாகக் கைமாறுவது பெரும்பாலும் இதுதான். தெரியாமல் கொடுப்பது கொலைக்குச் சமமான ஆபத்து, இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, வைத்தியர் எழுதினால் மட்டும். கடைசியாகக் குடித்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொடங்குவார்கள், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அரிஷ்டத்திலும் சில இருமல் பாணிகளிலும் மது உண்டு, அவையும் ஆகாது.

ஆசை வந்தால் அது பெரும்பாலும் அரை மணிக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தைக் கடத்தத்தான் வழி வேண்டும். பசியோடு இருக்க விடாதீர்கள், பின்னேரச் சாப்பாட்டை ஐந்து மணிக்கே கொடுங்கள். தவறணை இருக்கும் சந்தியால் வராமல் வேறு பாதையால் வரட்டும். நாட்கூலி கையில் கிடைக்கும் நேரமும், அறுவடை முடிந்து நெல் விற்ற காசு வரும் நேரமும் மிக மோசம். காசை மனைவியோ நீங்களோ நேரே வாங்குவதற்கு அவரையே முன்கூட்டிச் சம்மதிக்க வையுங்கள். கலியாண வீடு, செத்த வீடு, முப்பத்தோராம் நாள், சித்திரை வருசம் என்று அழைப்பு வந்தபடி இருக்கும். முதல் மூன்று மாதம் பகலில் போய் முகம் காட்டிவிட்டுப் பொழுது சாயும் முன் வரட்டும். "ஒண்டு மட்டும் எடு மச்சான்" என்பவருக்குச் சொல்ல ஒரே வரி போதும்: "மருந்து குடிக்கிறன், சேராது." அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் எதிராளிதான் வெல்வான்.

பேசத் துணை வேண்டுமென்றால், 1935ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் தொடங்கிய அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் இன்றும் உலகெங்கும் நடக்கிறது, தமிழில் இணையவழிக் கூட்டங்களும் உண்டு. எல்லோருக்கும் அது ஒத்துவராது. கோயிலோ சேர்ச்சோ விளையாட்டுக் கழகமோ, குடிக்காத நாலு பேர் பின்னேரத்தில் கூடும் இடம் எதுவானாலும் சரி.

வழுக்கினால்? ஒரு நாள் குடித்துவிட்டார் என்பதற்காகப் பழைய கணக்கைத் தொடங்க வேண்டியதில்லை. மறுநாளே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மறுபடி வைத்தியர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். சில வாரம் விட்டிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதையும் அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், பழைய ஞாபகத்தில் அரைப் போத்தலை ஒரே மூச்சில் குடித்தால் அன்றே ஆபத்து. வெறியில் கைநீட்டுபவராக இருந்தால் அவர் திருந்தும் வரை அண்ணியும் பிள்ளைகளும் அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தங்குவதற்கு ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம்.

கட்டார் யோசனைக்கு வருவோம். விமானம் ஏறியதும் குடி நிற்கும், உண்மை. நிற்பது எங்கே? விமானத்தில், அல்லது மொழி தெரியாத ஒரு வேலையாள் முகாமில், முதல் மூன்று நாளுக்குள். வலிப்பு வந்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியாது. முகவருக்குக் கட்டிய காசும் போய், வாங்கிய கடனோடு திரும்பி வர வேண்டியிருக்கும். மது தடைசெய்யப்பட்ட நாடுகளில் முகாம்களுக்குள் காய்ச்சி விற்பதும், அதில் மெதனோல் கலந்து ஆட்கள் செத்ததும் நடந்திருக்கிறது. போகத்தான் வேண்டும் என்றால் இங்கே நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் கிளினிக்குக்குப் போய், ஈரல் பரிசோதனையை மறுபடி எடுத்துப் பார்த்து, தொடர வேண்டிய மருந்துக்குக் கடிதமும் வாங்கிக்கொண்டு போகட்டும். மச்சான் முகவருக்கு முற்பணம் கட்டுவதை அது வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள்.